தீர்ப்பாயத்துக்கு வந்த தண்ணீர் கேன்

இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போகும் ஓர் ஆளை நினைத்துப் பாருங்கள் என்றால், உங்கள் மனதில் வரும் ஆளுக்கு மீசை இருக்கிறதா, இல்லையா? மழுப்ப வேண்டாம். அனேகமாக இருக்கும். அந்த மீசையை நம்பித்தான் ஒரு காப்பீட்டு நிறுவனம் ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்லத் துணிந்தது.

அவர் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். கேன்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். ஒரு காலையில் பச்சை விளக்கு விழுந்ததும் பைக்கை நகர்த்தியவர் மேல், சிவப்பு விளக்கை மதிக்காமல் குறுக்கே வந்த கார் மோதியது. கேன்கள் ஒரு பக்கம் உருண்டன, இவர் ஒரு பக்கம். வலது தோள் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் எலும்பைக் கூட்டிவிட்டார்கள். ஆனால் கை மார்புக்கு மேல் எழவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால் எழும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அதற்கான செலவு, காருக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனத்திடமிருந்துதான் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தக் கை அவ்வளவுதான்.

நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் இருந்தவரை நலம் விசாரித்தார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, வழக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் உடனே ஒரு தொகை தருவதாகச் சொன்னார். அது முதல் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனையே அடைக்காது. கேன்காரரின் மனைவி தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பேனா எழுதலைங்க" என்றாள்.

"என்கிட்ட வேற பேனா இருக்கும்மா."

"அதுவும் எழுதாது."

வெள்ளைச் சட்டை போன பிறகு அவளுடைய அண்ணன் குதித்தான். "வர்றதை வாங்கிக்கிட்டு விடுவியா, கோர்ட்டு கேஸுன்னு அலைவியா? நடந்தது நடந்துபோச்சு. அவரு தலையெழுத்து."

"அண்ணே, சிவப்பு விளக்குல நிக்காம வந்தது தலையெழுத்து இல்ல. ஒரு கார். அதுக்கு நம்பர் பிளேட்டு இருக்கு, ஓட்டினவனுக்கு லைசென்ஸ் இருக்கு. தலையெழுத்து மேல கேஸ் போட முடியாது. கார் மேல போடலாம்."

எத்தனை குடும்பங்களில் இந்தத் தலையெழுத்து என்கிற சொல், குற்றம் செய்தவனைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது! இவள் விடவில்லை. விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அவர் பெயரில் மனுப் போட்டாள்.

வழக்கு நடக்கட்டும், வயிறு காத்திருக்குமா? பைக்கைப் பழுது பார்த்து எடுத்து, அவளே கேன் போடப் புறப்பட்டாள். தொழிலை அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தார். தலையணையைத் தோளில் வைத்து ஒத்திகை நடந்தது.

"கழுத்தைச் சாய்க்காதே. கேன் தோள்ல உக்காரணும், நீ கேனைத் தூக்கக் கூடாது."

"தலையணைக்கு இவ்வளவு பாடமா?"

"சிரி சிரி. படிக்கட்டு வளைவுல வந்து சிரி பாப்போம்."

முதல் வாரம் உடம்பு அடித்துப் போட்டாற்போல வலித்தது. அப்புறம் தோளுக்கும் கேனுக்கும் சமாதானம் ஏற்பட்டது. இடையில் தோள் மாற்றாமல் ஒரே மூச்சில் மூன்று மாடி ஏறினாள். வீட்டில் இடது கையால் சமைக்கக் கற்றுக்கொண்ட கேன்காரரின் குழம்பில்தான் உப்பு இன்னும் ஒரு நிதானத்துக்கு வரவில்லை.

அவளுக்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே கூடாது. மோதலுக்குப் பிறகு பிடித்த பயம் அது. அவருடைய நீல முழுக்கைச் சட்டை, அவருடைய பேன்ட், அவருடைய ஹெல்மெட். படிக்கட்டிலும் அது தலையில்தான். இறங்கி ஏறும்போது மாட்ட மறந்துவிட்டால் என்ன செய்வது என்பார். வாடிக்கைக்கார வீட்டு அக்கா ஒருத்தி கேலி செய்வாள்: "எங்க வீட்டு மாடிப்படியில எந்த லாரி வந்து மோதப்போகுது?"

"லாரி வராதுக்கா. வழியெல்லாம் கிடக்குற உங்க வீட்டுச் செருப்புதான் பயமா இருக்கு."

விசாரணை நாள் வந்தது. இரண்டாவது மாடியில் நீளமான அறை. ஓரத்தில் தண்ணீர் தரும் இயந்திரம், அதன் தலையில் காலிக் கேன். இருவரும் பைக்கில்தான் வந்திருந்தார்கள். ஓட்டியது அவள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, "மனுதாரருக்குக் கை தூக்க முடியவில்லை என்பது நாடகம். எங்கள் ஆள் எடுத்த வீடியோ இருக்கிறது" என்றார்.

திரையில் படம் ஓடியது. எதிர்க்கட்டடத்திலிருந்து எடுத்திருந்தார்கள். நீலச் சட்டையும் ஹெல்மெட்டும் போட்ட ஓர் உருவம் பைக்கை நிறுத்தி, கேனை ஒரே வீச்சில் வலது தோளில் ஏற்றி, திறந்த படிக்கட்டில் கடகடவென்று மேலே போனது.

கேன்காரரின் வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, வேலைக்குப் போறதை என்கிட்டயே மறைச்சிட்டீங்களா?" என்று காதோடு கேட்டார்.

கேன்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மனைவியோ கண் கொட்டாமல் திரையையே பார்த்தாள். தன் நடையை அவள் இதுவரை பார்த்ததில்லை. தோள் ஆடவில்லை, கழுத்து சாயவில்லை, வளைவில் கேன் ஒரு விரற்கடைகூட இடிக்கவில்லை. நல்லாத்தான் ஏறுறேன் என்று நினைத்தாள். நெஞ்சு நிறைந்துபோனது.

"ஐயா, அது அவர் இல்லைங்க. நான்" என்றாள்.

நிறுவன வக்கீல் சிரித்தார். "எந்த மனைவியும் இப்படித்தான் சொல்வார். ஒரு பெண் அந்தக் கேனோடு மூன்று மாடி ஏறுவதை எப்படி நம்புவது?"

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தபடி, "குடிக்கத் தண்ணி கொண்டாப்பா, வாதம் நீளும்போல" என்றார்.

டவாலி தலையைச் சொறிந்தார். "காலையிலேர்ந்து தண்ணி இல்லைங்கய்யா. நிறைஞ்ச கேன் கீழே வாசல்ல நிக்குது. தூக்கிட்டு வர ஆள் இல்லை."

மனைவி எழுந்து நின்றாள். "ஐயா, அனுமதி குடுத்தா நான் போய் எடுத்துட்டு வரேன்."

நீதிபதி அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலையசைத்தார். விசாரணை முடிந்து கேன் போடப் போவதற்காகப் பையில் வைத்திருந்த நீலச் சட்டையை அவள் சேலை மேலேயே போட்டுக்கொண்டாள். ஹெல்மெட்டை மாட்டினாள். கேன்காரர் பழக்கதோஷத்தில், "வளைவுல பாத்து வா" என்றார்.

அறை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. காலடிச் சத்தம் கடகடவென்று மேலேறி வந்தது. சேலை ஒன்றைத் தவிர, திரையில் பார்த்த உருவம் அப்படியே வாசலில் வந்து நின்றது. காலிக் கேனை எடுத்துவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிறைந்த கேனைக் கவிழ்த்து இயந்திரத்தின் தலையில் உட்கார வைத்தது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, புறங்கையால் வேர்வையைத் துடைத்தது.

யாரோ கை தட்டினார்கள். டவாலிதான். நீதிபதி முறைத்ததும் நிறுத்திவிட்டு, முதல் டம்ளரை அவருக்கே பிடித்துக் கொடுத்தார்.

நீதிபதி ஒரே மூச்சில் குடித்தார். "எதிர்த்தரப்புக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார். நிறுவன வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்வரிசையில் வீடியோ எடுத்த இளைஞன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து அவள் சொன்னாள்: "படம் நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. அந்த நேரத்துக்கு இறங்கி வந்து ஒரு கை பிடிச்சிருக்கலாம்."

வீடியோ குப்பைக்குப் போனது. டாக்டர் வந்து சாட்சி சொன்னார். ஆபரேஷன் செலவு உட்பட எல்லாவற்றையும் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதைக் கேட்ட அண்ணன், "நான் அப்பவே சொன்னேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவனும் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆபரேஷன் முடிந்து, உடற்பயிற்சியெல்லாம் முடிந்து, ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி நின்றாள். சுவரில் உயரமான ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. கேன்காரர் வலது கையை உயர்த்தினார். மார்பு தாண்டியது, காது தாண்டியது. ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினார்.

"இறுக்கமா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்."

இப்போது இருவரும்தான் கேன் போடுகிறார்கள். தரைத்தளம் அவருக்கு, மாடிகள் அவளுக்கு. தெரு அவரைக் 'கேன்காரம்மா வீட்டுக்காரர்' என்கிறது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

உங்கள் தெருவிலும் கட்டுப் போட்ட கையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும். தலையெழுத்து என்று யாராவது அவர் காதில் ஓதிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கே போங்கள். வெள்ளைச் சட்டை நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லுங்கள். விசாரணை நாளில் கூடப் போய் உட்காருங்கள். போகிற வழியில் மாடிப்படியில் கிடக்கும் உங்கள் செருப்புகளை ஓரமாக எடுத்து வையுங்கள். கீழேயிருந்து ஒருத்தி கேனோடு ஏறி வந்துகொண்டிருக்கிறாள்.