கார் விக்கிய கதையில் ஒரு திருத்தம்

போன மாதம் ஒரு சதாபிஷேக விருந்தில், என் கணவரின் அண்ணன் மகன் பந்திக்கே கேட்கும்படி ஒரு கதை சொன்னான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. பாயசம் வரும்வரை அவனுக்குப் பொழுது போகவேண்டியிருந்தது.

"சித்தி கார் ஓட்டப் பழகின காலத்துல பாத்திருக்கணும். கல்பாத்தியில ஆரம்பிச்சா கோவிந்தாபுரம் வரைக்கும் விக்கிண்டே போவா. நாங்க வாசல்ல நின்னு எண்ணுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்போது ஓட்டப் பழகிக்கொண்டிருக்கவில்லை. லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. விக்கியது நானல்ல, கார். அதற்குக் காரணமும் இருந்தது. அதைச் சொல்ல அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை திடீரென்று ஏறிய காலம். நான் உதவிக் கல்வி அதிகாரியாக இருந்தேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவிந்தாபுரம் வரை மலையாளச் சீமையின் எல்லையோரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களை மேற்பார்வையிடுவது என் வேலை. பொள்ளாச்சி பஸ் பெரிய சாலையில் போகும். பள்ளிக்கூடங்கள் பெரிய சாலையில் இருப்பதில்லை. தவிர, பஸ்ஸில் வருகிற அதிகாரி எப்போது வருவார் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் வாத்தியார் வந்திருப்பார், பெஞ்சு நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள், கரும்பலகைகூடக் கறுப்பாக இருக்கும். சொல்லாமல் காரில் போய் இறங்கினால்தான் உள்ளது உள்ளபடி தெரியும். கார் இல்லையென்றால் நான் அதிகாரி இல்லை, விருந்தாளி.

கார் மாமனார் விட்டுப்போனது. வீட்டுக்குப் பொது என்று பெயர். ஆனால் சாவி என் கணவரின் அண்ணன் அறையில் ஒரு ஆணியில் தொங்கும். நானும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கேட்டு எடுத்துப்போக வேண்டும், திரும்பியதும் மாட்டிவிட வேண்டும்.

பெட்ரோல் விலையைப் பார்த்துப் பதறிய அண்ணா, சித்தூர் சாலையில் தனக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, மைலேஜுக்காக டியூன் செய்து கொண்டுவந்தார். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகுகள் மேலெல்லாம் சிவப்புச் சாயத்தில் பொட்டு வைத்திருந்தது. யாராவது தொட்டால் சாயம் பெயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். "சீல் வச்சிருக்கு. ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று வீட்டுக்கே பொதுவாக அறிவித்தார். அந்த வீட்டில் பானட்டைத் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாளே வண்டி விக்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் இஞ்சின் ஒழுங்காக ஓடும். கிளம்புவதற்கு ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு விக்கல், ஒரு குலுக்கல், சில சமயம் அப்படியே அணைந்தும்போகும். நான் முறைப்படி பார்த்தேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து இடைவெளி சரிபார்த்தேன். பாயிண்ட்டைப் பார்த்தேன். பெட்ரோல் பம்பின் வலையைக் கழுவினேன். காற்று வடிகட்டியைத் தட்டினேன். எதிலும் குற்றமில்லை. மீதியிருந்தது சிவப்புப் பொட்டு வைத்த இடம் மட்டும்.

அண்ணா ஓட்டினால் வண்டி விக்கவில்லை. நின்ற இடத்திலேயே இஞ்சினை அலறவிட்டு, கிளட்சைப் பாதி மிதித்தபடி, தேர் இழுப்பதுபோலக் கிளம்புவார். விக்குவதற்கு வண்டிக்கு ஏது அவகாசம்? நான் மெதுவாக மிதித்துச் சீராக எடுப்பேன். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இதிலிருந்து அவர் கண்ட முடிவு வேறு.

"வண்டிக்கு ஒரு கேடும் இல்லை, கேட்டயா. நீ ஆக்சிலரேட்டரைப் பயந்துண்டு சவிட்டறே. யார் உக்காந்திருக்கான்னு வண்டிக்குத் தெரியும்."

"அப்படின்னா நீங்க நான் எடுக்கற மாதிரி மெதுவா சவிட்டி எடுங்கோ அண்ணா. பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

எடுத்தார். வண்டி விக்கி நின்றது. "நீ பக்கத்துல இருக்கியோல்லியோ, அதான்" என்றார்.

இதற்கு மேல் ஒரு பரிசோதனை எப்படிச் செய்வது என்று நான் படித்த பௌதிகத்தில் இல்லை.

என் கணவர் இரு தரப்பிலும் நியாயம் காண்பவர். "அண்ணா சொல்றதுலயும் கார்யம் இல்லாம இல்லை" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொள்வார். அதற்குள் அண்ணா தனக்குத் தெரிந்த மேலதிகாரி ஒருவரிடம் பேசிவிட்டு வந்துவிட்டார். ஜில்லா ஆபீசில் ஒரு சீட் காலியாம். "ஃபேனுக்கடியில உக்காந்து ஃபைல் பாக்கலாம். வெயில்ல அலைய வேண்டாம். திங்கக்கிழமை போய்ச் செரின்னு பறஞ்சுடு." எனக்காக ஒருவரைக் கெஞ்சியதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு என் பள்ளிக்கூடங்களுக்கு வேறு யாரோ பஸ்ஸில் போவார்கள். நான் அவர்கள் எழுதியனுப்புவதைப் படித்து, கரும்பலகை கறுப்பாக இருக்கிறது என்று நம்ப வேண்டும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கோவிந்தாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். குறுகலான மண்பாதையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில், செக்போஸ்ட்டுக்கு நேர் எதிரே, கார் விக்கிச் சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து தக்காளி ஏற்றி வந்த லாரி கிறீச்சிட்டு நின்றது.

லாரி டிரைவர் தலையை நீட்டினார். "ஏனுங்கம்மணி, நடுரோட்டுல கோலம் போடறீங்களா?"

செக்போஸ்ட் காவலர் எழுந்து வந்தார். "டீச்சரு, ஓரமா உக்காருங்க, டீ சொல்றேன். ஆம்பளைங்க யாராச்சும் வருவாங்க, பாக்கச் சொல்லலாம்." அவரும், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களும், லாரி டிரைவரும் ஆண்கள்தான். யாரும் பார்க்க வரவில்லை.

ஆத்திரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு மிதித்தேன். சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். வண்டி விக்கவேயில்லை, சமர்த்தாக ஓரத்துக்கு நகர்ந்தது. ஆக, மிதிக்கும் அந்தக் கணத்தில் பெட்ரோல் போதவில்லை. எங்கள் கார் கார்புரேட்டருக்குள் ஒரு பிஸ்டன் மேலே எழும். அது துள்ளி எழுந்தால் காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்தங்கும். அது நிதானமாக எழுவதற்காகவே அதன் நடுக்குழியில் கொஞ்சம் எண்ணெய் நிற்க வேண்டும்.

பானட்டைத் திறந்தேன். மேல்மூடியின் சிவப்புப் பொட்டைக் கொண்டை ஊசியால் சுரண்டினேன். மூடியைத் திருகி அதோடு சேர்ந்த தண்டை வெளியே எடுத்தேன். துடைத்து வைத்ததுபோலக் காய்ந்திருந்தது. குழியிலும் எண்ணெய் இல்லை.

கையில் எண்ணெய் டப்பா கிடையாது. இஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக அந்தக் குழியில் விட்டேன். திரும்பத் திரும்பத் தோய்த்து விட்டேன்.

லாரி டிரைவர் இறங்கி வந்துவிட்டார். "தலைக்கு எண்ணெ வெக்கறாப்பல இருக்குதுங்களே!"

"ஆமாம். யாரோ மொட்டத் தலையா விட்டுட்டா."

மூடினேன், சோக்கை உள்ளே தள்ளினேன், என் வழக்கப்படி மெதுவாக மிதித்தேன். கார் சீராகக் கிளம்பியது. டீக்கடை பெஞ்சு முழுக்க எழுந்து நின்று பார்த்தது. காவலர் குறுக்குக் கட்டையைத் தூக்கினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

நேராக மெக்கானிக்கிடம் போனேன். தொழில் தெரியாதவன் மறந்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மறக்கலீங்க" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "நாந்தானுங்க எடுத்துட்டேன். அந்த எண்ணெ இருந்தா மிதிக்கறப்பெல்லாம் பெட்ரோலு சாஸ்தி இழுக்குமுங்க. உங்க ஊட்டுப் பெரியவரு மைலேஜு மைலேஜுன்னு நின்னாரு."

"வண்டி விக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னுங்க? சொல்லித்தான் உட்டேன். எடுக்கறப்ப மட்டும் நல்லா ரேஸ் பண்ணி எடுங்க, இல்லாட்டி விக்குமுன்னு. ஏனுங்க, அவரு ஊட்டுல சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. நான் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே, அப்போதும் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் போய் எனக்கு சீட் கேட்டபோதும் அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, எண்ணெய் விட்டதைச் சொன்னேன். அண்ணா கேட்ட முதல் கேள்வி, "சீலை உடைச்சுட்டியா?"

"மெக்கானிக் உங்ககிட்ட சொல்லியிருக்கான். எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா மட்டும்? பொம்மனாட்டி அக்ரஹாரத்துல வண்டியை உறும விட்டுண்டு போனா நன்னாவா இருக்கும்?"

என் கணவர் பேப்பரை மடித்தார். "சரி விடு, வண்டிதான் நேராயிடுத்தே" என்றார். அவர் நியாயம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஜில்லா ஆபீசுக்குப் போனேன். எனக்கு அந்த சீட் வேண்டாம், அதை நான் கேட்கவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தே கொழிஞ்சாம்பாறைக்கு வண்டியைத் திருப்பினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு ஒரு வாத்தியார்கூட இல்லை. உள்ளது உள்ளபடி எழுதினேன்.

சாயங்காலம் அண்ணா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "சாவி எங்கே?"

"என் பையில."

"ஆணியில மாட்டலையா?"

"இல்லை அண்ணா. இனிமே வேணும்னா எங்கிட்ட கேளுங்கோ."

அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த ஆணியில் பிறகு அவர் குடை தொங்கியது.