முட்டிக்குக் காது வைத்தவன்

ஜேக்கப் மில் படியில் விழுந்த செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. ராஜபாளையத்தில் என் ஜிம்மில் காலை பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பேசியது அவன் மனைவி ஸ்டெல்லா.

"அண்ணே, அவிய மில்லுல படியில உருண்டுட்டாவ. எலும்பு ஒண்ணும் முறியல. ஆனா கால் நிக்க மாட்டேங்குதுன்னு சொல்லுதாவ. நீங்கதான உக்காராத, உக்காராதன்னு சொல்லி வச்சீங்க. ரெண்டு வருசமா உங்க பேச்சத்தான் கேட்டாவ. வந்து ஒருக்கப் பாருங்க."

அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். சேத்தூரில் அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 'நான் சொன்னது சரிதானே' என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன். சரியில்லை என்று தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பெருமையைச் சொல்ல வேறு கதைகள் இருக்கின்றன. இது அதில் சேராது.

1. ஸ்க்ரூடிரைவர்

ஜிம் வைப்பதற்கு முன் நான் எட்டு வருஷம் நூல் மில்லில் ஃபிட்டர். ஜேக்கப்பும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மிஷின்களின் மெயின்டனன்ஸ் எங்கள் வேலை. பகலெல்லாம் மிஷினுக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்துதான் பிழைப்பு.

சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வோம். அத்தனை மிஷின் இரைச்சலிலும் அந்த ஒரு பேரிங் மட்டும் தனியாகக் கேட்கும். சீராக ஓடினால் விட்டுவிடலாம். கரகரவென்றால் மிஷினை நிறுத்தி பேரிங்கை மாற்ற வேண்டும். ஒரு தடவை நான் 'ஷிஃப்ட் முடியட்டும்' என்று ஒரு கரகரப்பை விட்டுவிட்டேன். பேரிங் சிக்கி ஷாஃப்டையே கடித்துவிட்டது. மெமோ கொடுத்தார்கள். அன்றைக்கு மண்டையில் ஏறியது: சத்தம் வந்தால் நிறுத்து.

மில்லை விட்டு ஜிம் தொடங்கியபோது பழைய யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டேன். அந்த வாக்கியத்தைக் கழற்றிப் போடவில்லை. யாராவது ஸ்குவாட், அதாவது குத்தவைத்து எழும் பயிற்சி, போடும்போது முட்டியில் டக்கென்றால் உடனே நிறுத்திவிடுவேன். முட்டிமேல் கை வைத்து, மடக்கி நீட்டச் சொல்லி, உள்ளே கரகரப்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் ஸ்குவாட் கிடையாது. "மாஸ்டர் கை வச்சே சொல்லிருவாரு" என்று ஊரில் பேர் வேறு. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2. ஓட்டத்தைக் குறைப்பது

ஜேக்கப் ஜிம்முக்கு வந்தபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது. மில்லில் என்னை 'ஏலே' என்று கூப்பிட்டவன், ஜிம்முக்குள் 'மாஸ்டர்' என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தொழில் நடக்கும் இடத்தில் மரியாதை வேண்டும் என்பான்.

மூன்றாவது நாள் ஸ்குவாட் போடச் சொன்னேன். பாதி இறங்கும்போது வலது முட்டியில் ஒரு சத்தம். நாலடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"மாஸ்டர், பேரிங் போயிருச்சு போல" என்றான் சிரித்துக்கொண்டு.

நான் சிரிக்கவில்லை. கை வைத்துப் பார்த்தேன். கரகரவென்றுதான் இருந்தது. "ஜேக்கப், இனி குத்தவச்சு உக்காராத. மில்லுலயும் சரி, வீட்லயும் சரி. தேய்மானம் ஆரம்பிச்சிருச்சு" என்றேன். என்ன படித்தேன், எந்த டாக்டரைக் கேட்டேன் என்று தேய்மானத்தைப் பற்றிச் சொன்னேன்? ஒன்றும் இல்லை. ஒரு பேரிங்கைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன்.

அவன் நல்ல ஃபிட்டர். அதனால் என் பேச்சு அவனுக்கு முழுதாகப் புரிந்தது. "பேரிங்க மாத்த முடியாது. ஓட்டத்தக் குறைக்கலாம், அம்புட்டுதான்" என்றான்.

குறைத்தான். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தான். பழைய ஆங்கிளை வெட்டி வெல்டிங் செய்து சின்ன இரும்பு ஸ்டூல் ஒன்று தானே அடித்து, மில்லில் எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போனான். ஸ்டூல் நுழையாத இடத்தில் மற்ற ஃபிட்டர்களைக் கெஞ்சினான். படி ஏறும்போது எப்போதும் இடது காலை முதலில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லோரும் முழங்காலிடும்போது இவன் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஸ்டெல்லாவுக்கு அதுதான் பெரிய வருத்தம். எனக்கு அது தெரியவே தெரியாது. பார்க்கும்போதெல்லாம் "முட்டி எப்படி?" என்பேன். "சத்தம் இல்ல மாஸ்டர்" என்பான். மடக்கினால்தானே சத்தம் வரும். எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் மில் இரும்புப் படியில் மோட்டார் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். வலது காலை ஊன்றியிருக்கிறான். கால் அங்கே இல்லாத மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னான். நாலு படி உருண்டு விழுந்தான்.

மெயின்டனன்ஸ் ஆபீசர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். பழம் வாங்கி வந்திருந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். போகும்போது வாசலில் நின்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கீழ உக்காரவும் முடியல, மேல ஏறவும் முடியல. ஃபிட்டர்னு எப்படிங்க வச்சிருக்கது? கேட்ல ரெஜிஸ்டர் எழுதட்டும். சரியானா பாப்போம்."

இருபது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன், லாரி நம்பர் எழுத வாசலுக்கு வந்தான்.

3. ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்ட கேள்விகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிசியோதெரபி மேடம் இருந்தார். தமிழரசி என்று பேர். என்னைவிட இருபது வயதாவது இளையவர். ஜேக்கப்பை நான்தான் அங்கே கூட்டிப்போனேன். உள்ளே போனதும் முட்டிக் கதையை நானே சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அவங்க சொல்லட்டும்" என்றவர், ஜேக்கப் பக்கம் திரும்பினார். "சத்தம் வரும்போது வலிச்சுச்சா?"

ஜேக்கப் யோசித்தான். "இல்ல."

"ஒருநாளும் வலிக்கலையா?"

"இல்லங்க. சத்தம் மட்டும்தான்."

"வீங்குச்சா? மடக்குனா அப்படியே பூட்டிக்கிட்டு நிக்குமா? அடி எதுவும் பட்டுச்சா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. நான் கேட்டது சத்தத்தை மட்டும்தான்.

முட்டியை நாலு பக்கமும் அசைத்துச் சோதித்துவிட்டு, இஞ்ச் டேப் எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது தொடை ஒன்றரை இஞ்ச் குறைவாக இருந்தது. "மூட்டு நல்லாத்தான் இருக்கு. சதைதான் போயிருச்சு. மடக்காமலே வச்சிருந்தா வேற என்ன ஆகும்? சதை இல்லாத காலு படியில எப்படித் தாங்கும்?" என்றார்.

"அப்ப அந்தச் சத்தம்?" என்று நான் விடாமல் கேட்டேன். இன்னும் வாதாடத்தான் பார்த்தேன்.

அவர் பதில் சொல்லாமல் எழுந்து நின்று, துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் முட்டியில் டக்கென்றது. "எனக்குக் காலேஜ்ல இருந்தே வரும். வலி, வீக்கம் இல்லாத சத்தத்துக்கு நாங்க பயப்படுறதில்ல. நீங்க உக்காருங்க பாப்போம்" என்றார்.

உட்கார்ந்தேன். சின்ன அறை. மின்விசிறிகூட ஓடவில்லை. என் இரண்டு முட்டிகளும், ஒன்று மாற்றி ஒன்று, தெளிவாகச் சத்தம் போட்டன.

நான் இருபது வருஷமாக ஸ்குவாட் போடுகிறவன். ஜிம்மில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். அதற்கு முன் மில்லில் மிஷின் ஓடும். அதற்குள் என் முட்டியை நான் கேட்டதே இல்லை. ஜேக்கப் என்னைப் பார்த்தான். எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

4. பெஞ்சும் மூன்று ரப்பர் மேட்டும்

மேடம் எழுதிக்கொடுத்தபடி ஐந்து மாதம் நானே அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஜிம் பெஞ்சின் மேல் மூன்று ரப்பர் மேட்டை அடுக்கி, அதில் உட்கார்ந்து எழச் சொல்வதில் தொடங்கினோம். கொஞ்சம் பழகியதும் ஒரு மேட்டை எடுப்போம். மூன்றும் போன பிறகு அதைவிடத் தாழ்ந்த ஸ்டெப் பலகை. அதன் பிறகுதான் தரை. அவன் வரும் நேரத்தில் பாட்டை நிறுத்திவிடுவேன்.

சத்தத்தை விட்டுவிட்டு அவன் உடம்பைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் பல விஷயம் கண்ணில் பட்டது. இறங்கும்போது வலது முட்டி உள்பக்கமாக விழுந்தது. குதிகால் தரையை விட்டுத் தூக்கியது. உடம்பின் பாரம் முழுவதும் இடது காலுக்குப் போனது. இவையெல்லாம் முதல் நாளும் இருந்திருக்கும். கண் முன்னால் நடந்ததை விட்டுவிட்டுக் காதை நம்பியிருக்கிறேன். பாதத்தைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காரப்போகிற மாதிரி இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். முட்டி பாதத்து விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். மூன்று எண்ணும்வரை நிதானமாக இறங்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை அவனவன் உடம்பு சொல்லும். ஃபார்ம், அதாவது சரியாகப் போடும் முறை, அம்புட்டுதான்.

இரண்டாவது மேட்டை எடுத்த அன்று முட்டியில் சத்தம் வந்தது. ஜேக்கப் அந்தரத்திலேயே நின்றுவிட்டான். என் கையும் தானாக நீண்டது, நிறுத்து என்று சொல்ல. அந்தக் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப இறங்கு."

இறங்கினான். எழுந்தான். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான். "இத அன்னைக்கே கேட்டிருக்கலாமே மாஸ்டர்" என்றான். குத்திக்காட்டுகிற தொனி இல்லை. அதனால் இன்னும் வலித்தது. "கேட்டிருக்கணும் ஜேக்கப். தப்பு என்னுது" என்றேன். அதுவரை நான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் தரை வரை குத்தவைத்து உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தான். மறுநாளே ஆபீசரிடம் போய் அவர் ரூமிலேயே உட்கார்ந்து எழுந்து காட்டியிருக்கிறான். அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்த இடத்துக்கு வேறு ஃபிட்டர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "காலி வந்தா மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன்" என்றார். இன்றுவரை காலி வரவில்லை. ஜேக்கப் இன்னும் கேட்டில்தான் இருக்கிறான்.

உடம்பைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. வேலையைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

5. சத்தமே இல்லாத முட்டி

இதைப் படித்துவிட்டு, முட்டியில் எது வந்தாலும் ஒன்றுமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிறகு ஒருநாள் வன்னியம்பட்டியில் இருந்து ஒரு பெண், போலீஸ் தேர்வுக்குத் தயாராக வந்தாள். அவள் முட்டியில் சத்தமே இல்லை. நான் பழைய ஆளாகவே இருந்திருந்தால் அவள் தோளில் எடை மாட்டிய பாரை ஏற்றியிருப்பேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். படி இறங்கும்போது வலிக்கிறது, சாயங்காலமானால் வீங்குகிறது, சில நேரம் பூட்டிக்கொள்கிறது என்றாள். அன்றே எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. பாரை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே தம்பி தங்கைகளே, முதலில் கேளுங்கள். பிறகு கண்ணால் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புங்கள். நாம் ஜிம்மில் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தையை ஒரு மனிதன் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு வருஷம் கடைப்பிடிக்கிறான்.

6. கோவிலில்

போன வருஷம் ஜேக்கப்பின் மகளுக்குக் கல்யாணம். முன் வரிசையில் ஜேக்கப்பும் ஸ்டெல்லாவும். நான் அவனுக்கு நேர் பின்னால் இருந்தேன். பூசை நடுவில் மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலிட்டார்கள். கோவிலே அமைதியானது. ஜேக்கப் பெஞ்சைப் பிடிக்காமல் நிதானமாக இறங்கினான். அந்த அமைதியில் அவன் முட்டி டக்கென்றது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா திரும்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் மில்லை விட்ட பிறகு முதல் தடவையாகப் பழையபடி கூப்பிட்டான்.

"ஏலே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.

"வலிக்கலடே."

நான் கேட்காமலே சொன்னான். முதல் நாள் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான்.