அக்காவின் அளவு

தையல் வகுப்பில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். ஊசியில் விரலைக் குத்திக்கொண்டு கண்ணைக் கசக்குகிறவளுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன், துணியில் ரத்தம் படாமல் பார்த்துக்கொள் என்பேன். பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் கத்தரிக்கோலை மேஜையில் தட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவள் நான். மற்ற நாட்களில் கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்புவது என்று வைத்திருந்தேன்.

வகுப்பு நடந்தது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு வெங்காயக் குடோனாக இருந்த ஒரு நீளக் கட்டடத்தில். மழை பெய்தால் இன்னமும் சுவரிலிருந்து வெங்காய வாடை வரும். நடத்தியது ஒரு சின்னத் தொண்டு அமைப்பு. புருஷன் செத்துப்போன, விட்டுவிட்டுப் போன, இருந்தும் இல்லாத பெண்களாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். அம்மாவின் கையில் ஒரு தொழில் இருந்தால் பிள்ளை ரயிலேறிப் போகாது, பிளாட்பாரத்தில் படுக்காது என்பது அவர்கள் எண்ணம். அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தி வந்தாள். பூப்பறிக்கிற கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள். கூடவே ஐந்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை. அமைப்பின் ஆட்கள் அவள் கதையை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கூட வந்த குழந்தை இளையவள். இவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், பன்னிரண்டு வயது. தகப்பன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஒரு வயிறாவது குறையட்டும் என்று மூத்தவளைச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வீட்டில் என்ன நடந்ததோ, பிள்ளை ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டது. கொடைரோடு ஸ்டேஷனில் பார்த்ததாக ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. போலீசில் புகார் கொடுத்ததோடு சரி. இப்போது கணவனின் அண்ணன், இளையவளை வெளியூர் விடுதி ஒன்றில் சேர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இவள் சொந்தக் காலில் நின்றாகவேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் கையை விட்டுப் போய்விடும்.

குழந்தை கட்டிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை வைத்து விளையாடும். அழுகை கிடையாது, அடம் கிடையாது. ஆனால் எப்போதும் ஓரமாகத்தான் உட்காரும், பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு. யாராவது அங்கே காலை நீட்டினால், "அக்கா இருக்கா" என்று தள்ளிவிடும். முறுக்கு கொடுத்தால் உடைத்து ஒரு பாதியை அந்த இடத்தில் வைக்கும். சாயங்காலம் பெருக்கும்போது அந்தப் பாதி இருக்காது. குடோனில் எலிக்கா பஞ்சம் என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் பாவாடை சட்டை வெட்டக் கற்றுக்கொடுத்தேன். அவரவர் பிள்ளைக்கே தைக்கட்டும் என்று துணி கொடுத்தோம். ஆளை நிறுத்தி அளவெடு, இல்லையென்றால் பழைய சட்டையை அளவுக்குக் கொண்டு வா, கண்மதிப்பில் வெட்டாதே என்பது என் சட்டம். அவள் இளையவளுக்கு ஒன்று வெட்டினாள். பிறகு மிச்சத் துணியை விரித்து, பெரிதாக இன்னொன்றுக்குக் கோடு போட்டாள். ஆளும் இல்லை, அளவுச் சட்டையும் இல்லை. சாக்பீஸ் ஓரிடத்திலும் தயங்கவில்லை.

பாலசமுத்திரத்திலிருந்து வருகிற ஒருத்தி என் காதருகே வந்து சொன்னாள்: "ஏனுங்க டீச்சர், திட்டிப்போடாதீங்க. அது கன்னிக்குத் தைக்கறதுங்க."

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை வீட்டுக்குக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்தில் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை சட்டை படைத்து, ஓலைப்பெட்டியில் வைத்து மூடுவார்கள். அதனால் வகுப்பே அவள் மெஷினைச் சாமி இடமாக்கிவிட்டது. அதைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றினார்கள். ஒரு காலையில் மெஷின் சக்கரத்தில் யாரோ மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். அவள் அதை அவிழ்த்து இளையவளின் சடையில் வைத்துவிட்டாள்.

சித்திரையில் மறுபடி துணி வந்தது. மறுபடியும் அவள் இரண்டு வெட்டினாள். எனக்கு ஏதோ உறுத்தியது. தீபாவளிக்குத் தைத்த பெரிய பாவாடை அலமாரியில்தான் இருந்தது, எடுத்து இதன்மேல் விரித்துப் பார்த்தேன். நீளம் ஒரு விரல்கடை கூடியிருந்தது. சட்டையின் தோளும் கொஞ்சம் அகன்றிருந்தது. ஒரு பிள்ளை அரை வருஷத்தில் என்ன வளருமோ, அந்த வளர்த்தி.

"கன்னிக்குத் தைக்கிறது ஒரே அளவுதானே? எதுக்குப் பெருசா வெட்டுற?"

"செத்தவளுக்குத்தான் டீச்சர் ஒரே அளவு. எம்மக வளருறா."

"யாரு அளவு குடுத்தா?"

"நின்னுச்சு. எடுத்தேன்."

கத்தரிக்கோலைத் தட்ட வேண்டிய இடம் அது. எனக்குக் கை வரவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம் கரண்ட் போயிற்று. எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் உள்ளே திரும்பினேன். மெஷின் சத்தம் நின்றுபோன குடோன் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கடைசித் தூணருகே இளையவள் நின்றிருந்தாள். அம்மா டேப்போடு முட்டி போட்டிருந்தாள்.

"அக்கா எம்புட்டு?"

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வெற்றிடத்தில், தன் தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்தது. "இம்புட்டு."

அம்மா தரையிலிருந்து அந்தக் கை வரைக்கும் டேப்பைப் பிடித்தாள். "கூனாதடி, நேரா நில்லு" என்றாள். இளையவளைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு மார்புச் சுற்றளவு எடுத்தாள். டேப்புக்குள் இரண்டு விரல் விட்டுத்தான் சுற்றளவு எடுக்கவேண்டும், போடுகிறவள் மூச்சுவிட இடம் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். வெறும் காற்றைச் சுற்றிய டேப்புக்குள் அவள் இரண்டு விரல் விட்டாள்.

பயந்தேன், அதுதான் உண்மை.

வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகுதான் புரிந்தது. அக்கா தன்னைவிட எவ்வளவு உயரம் என்பது மட்டும் அந்தக் குழந்தைக்கு ஞாபகம் இருக்கிறது. தன் தலைக்கு மேலே அதே இடைவெளியைக் காட்டுகிறது. இவள் வளர வளர கை மேலே போகிறது, மூத்தவளும் வளர்கிறாள். ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. புரிந்த பிறகு பயம் போயிருக்கவேண்டும். போகவில்லை. இளையவளை விடுதிக்கு அனுப்பிவிட்டால் கை காட்ட ஆள் இல்லை. அன்றோடு மூத்தவள் ஒரே அளவில் நின்றுவிடுவாள்.

மே மாதத்தில் பெரியப்பாக்காரர் வகுப்புக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நாற்காலி போட்டும் உட்காரவில்லை, கட்டிங் டேபிள் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கெட்ட மனிதராக எனக்குத் தெரியவில்லை. மூத்தவளைத் திருவிழாவுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தானாம்.

"பெரியது போய்ச் சேந்துருச்சு டீச்சர். இவ ஒத்துக்க மாட்டேங்கிறா. அது போக்கிடம் இல்லாம சின்னதப் புடிச்சுக்கிட்டு நிக்குது. இப்படியே விட்டா இதையும் கூப்புட்டுக்கிட்டுப் போயிரும்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஆடியில கன்னிக்குப் படைச்சிருவோம்மா. படைச்சிட்டா சின்னது ஒங்கிட்டயே இருக்கட்டும், நான் தலையிடல. மாட்டேன்னா, புள்ளைய இங்க வச்சிருக்க விடமாட்டேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மூத்தவள் செத்துவிட்டாள் என்று ஒப்புக்கொண்டால் இளையவள் மிஞ்சுவாள். அதுதான் அவர் கேட்டது. ஒப்புக்கொண்டு தொலையேன், இருக்கிறதையாவது காப்பாற்று என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அவள் மிதித்துக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலை அறுத்துவிட்டு எழுந்தாள். ஊர்ப் பெண்கள் தைக்கக் கொடுத்திருந்த நைட்டிகள் அவள் பக்கத்தில் குவிந்திருந்தன. எல்லாம் ஆர்டர்.

"பெரியவளக் கொண்டுபோயி விடுன்னீங்க மச்சான், விட்டேன். அன்னைக்கு ஒங்க வீட்டுக் கஞ்சி எனக்கு வேணும், அதனால தலையாட்டுனேன். இன்னைக்கு என் கஞ்சிய நான் தச்சுக் குடிக்கிறேன். சின்னவ எங்கிட்டத்தான் இருப்பா. படைக்கவும் மாட்டேன்." நைட்டிக் குவியலை ஒரு பக்கம் தள்ளினாள். "நாளைக்கு அவ வந்து வாசல்ல நின்னா என்ன சொல்லுவேன்? ஒன்னயச் சாமியாக்கிட்டோம், போன்னா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் டேபிளுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பெரியப்பா, அங்கிட்டு நில்லுங்க. அக்காவ மிதிக்கிறீங்க."

அவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். கீழே குனிந்து பார்த்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு விடுதிப் பேச்சை எடுக்கவேயில்லை. ஜூனில் இளையவள் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அம்மா வீட்டில் மெஷின் போட்டுவிட்டாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் செம்பட்டியில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இளையவள் மளமளவென்று வளர்ந்து அம்மாவின் காது உயரத்துக்கு வந்திருந்தாள். அக்கா காணாமல்போன வயது இப்போது அவளுக்கு. குடிக்கத் தண்ணீர் பிடித்துத் தருகிறேன் என்று என்னைத் தெருக்குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குடம் நிரம்பியதும் குழாயை மூடினாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு அக்கா ஞாபகமே இல்ல டீச்சர். மொகமும் இல்ல, ஒசரமும் இல்ல. எப்பவோ போயிருச்சு. அம்மாட்ட சொல்லிறாதீங்க."

குடத்தைத் தூக்கிவிட்டேன்.

வீட்டுக்குள் கொடிக்கயிற்றில் பாவாடை சட்டைகள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கின. ஜன்னல் காற்றில் எல்லாம் ஒரே பக்கமாக அசைந்தன. அம்மா தாவணித் துணியைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"செத்த நேரம் இருங்க டீச்சர், காப்பி போடுறேன். பெரியவளுக்குத் தாவணி செட்டு வெட்டிட்டா வேல முடிஞ்சுது." டேப்பை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். "அக்கா எம்புட்டு?"

அந்தப் பெண் சுவரோரமாய் வந்து நின்றாள். கண்ணை மூடவில்லை, என்னைத்தான் பார்த்தாள். குதிகாலை உயர்த்தி, தன் தலைக்கு மேலே காற்றில் கையை நீட்டி அசையாமல் பிடித்தாள்.

"இந்த வருசம் ரொம்ப வளந்துட்டாம்மா."

அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, டேப்பை உதறி விரித்துக்கொண்டு குனிந்தாள்.