கார்டுக் கட்டின் மேல் நான் போட்ட நீலக் கோடு

தம்பி, நீ இருந்தபோது உன்னைப் பேர் சொல்லித்தான் அதட்டுவேன். இப்போது அந்தப் பேரைச் சொன்னாலே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உன் மேல் எனக்கு இருந்த பொறாமையை எழுதப் போகிறேன். நீ இருந்தால் கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள்.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தாராவியில் ஒரே அறையில் அம்மா, நான், அவன் மூன்று பேரும் இருந்தோம். சுதந்திரம் வந்த வருஷம் நான் பிறந்தேன், இரண்டு வருஷம் கழித்து அவன். அப்பா இறந்ததும் என்னை நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அவனை மட்டும் படிக்க வைத்தார்கள். நான் மாதுங்கா பக்கம் ஒரு பைண்டிங் கடையில் ஃபாரம் அடுக்குகிறேன். அச்சடித்த பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் அது ஒரு ஃபாரம். அதில் ஒன்று முன்பின் ஆனாலும் புத்தகம் பாழ்.

அவன் மெட்ரிக் பாஸ் செய்து, செம்பூருக்கு அப்பால் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் அறை வேலைக்குச் சேர்ந்தான். பம்பாயில் கம்ப்யூட்டர் வந்திருக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அன்றிலிருந்து அவன் சட்டைக்கு மட்டும் இஸ்திரி. அவன் டப்பாவில் பொரித்த மீன், என் டப்பாவில் குழம்பில் கிடந்த தலை. அவன் சயானில் ஆபீஸ் பஸ் ஏறுவதைப் பார்த்தவர்கள் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அதே வழியில் ஏழு வருஷமாக நான் நடக்கிறேன். என்னைப் பார்த்ததாக ஒருவரும் வந்து சொன்னதில்லை.

அந்த மிஷினிடம் வாயால் எதுவும் சொல்ல முடியாதாம். அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். அதைக் கார்டு என்பார்கள். ஒரு கார்டுக்கு ஒரு வரி. கணக்குப் பதிந்திருக்கிற இந்த டேப்பை எடு, இதைக் கூட்டு, இதை அச்சடி என்று நூறு இருநூறு கார்டு வரிசையாகச் சேர்ந்தது ஒரு கட்டு. வரிசை மாறினால் மிஷின் உளறும்.

ஒரு நாள் சாயங்காலம் வந்தவன் டீ கூடக் குடிக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"என்னலே, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

"லஃப்டா ஆயிட்டுக்கா. கார்டுக் கட்டக் கீழ போட்டுட்டேன். இருநூறு கார்டு, எல்லாரு முன்னாடியும்."

"பொறுக்கி வைக்க வேண்டியதுதான?"

"வரிச தெரியாண்டாமா? ஒவ்வொரு கார்டுலயும் கடைசில நம்பரையும் ஓட்ட போட்டு வைக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். நாள் பூரா அடுக்கிட்டுக் கெடந்தேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் அவன் கொண்டுவந்து போட்ட கழிவு கார்டுகள் ஒரு கட்டு கிடந்தது. அதைத் தட்டிச் சமமாக்கி, கட்டின் மேல்விளிம்பில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நீலப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுத்தேன். பிறகு எல்லாவற்றையும் கலைத்து அவன் மடியில் போட்டேன்.

"இப்ப அடுக்கு."

ஒவ்வொரு கார்டின் விளிம்பிலும் ஒரு நீலப் புள்ளி. புள்ளிகள் மறுபடியும் கோடாகச் சேருகிற மாதிரி அடுக்கினால் வரிசை வந்துவிடும். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

"இது எங்கருந்துக்கா படிச்ச?"

"ஃபாரம் முதுகுல தெனமும் போடுததுதாம்ல இது. ஒன்னு எடம் மாறுனா கோடு ஒடைஞ்சு காட்டிக் குடுத்துரும்."

ஒரு வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தான். ஆபீஸில் எல்லாக் கட்டிலும் இப்போது கோடு போடுகிறார்களாம்.

"யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்கக்கா. நானே யோசிச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஏம்ல?"

"பைண்டிங்ல ஃபாரம் அடுக்குத அக்கா சொன்னான்னா சிரிப்பானுவ."

என்னிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். இஸ்திரி, பொரித்த மீன், ஆபீஸ் பஸ் எல்லாம் அவனுக்கு. போதாதென்று அதையும் எடுத்துக்கொண்டான். நான் அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

அவன் சமாதானத்துக்கு வந்தான். தினமும் சாயங்காலம் என் முதுகைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஆபீஸில் அவன் கற்றதை எல்லாம் சொன்னான். "கட்டுல மொத கார்டுல இது எதுக்கு, யாரு எழுதுனது, எப்ப மாத்துனதுன்னு போடணும்க்கா. மிஷினு அதத் தாண்டிப் போயிரும். ஆறு மாசம் கழிச்சு எடுக்குத ஆளுக்கு வேணும்ல." இன்னொரு நாள், "டேப்ப அழிக்கச் சொல்லுததுக்கு முன்ன, எதையெல்லாம் அழிக்கப் போறேன்னு அச்சடிச்சுக் காட்டச் சொல்லணும். அதப் படிச்சுப் பாத்துட்டு அப்புறந்தான் அழிக்குத கார்டச் செருகணும்." ஒரு வேலை சரியாக முடியாவிட்டால் அடுத்ததற்குப் போகாமல் நிற்கும்படி நடுவில் ஒரு கார்டு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கார்டு ஊறிப்போய் மிஷினில் மாட்டிக்கொள்ளும், அதனால் விசிறி மாதிரி விரித்துக் காற்றாட விட்டுப் போட வேண்டும். எல்லாம் காதில் விழுந்தது, எல்லாம் நினைவிலும் நின்றது. நான் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மழையில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். ஒரு தடவை என் கையைப் பிடித்து, "பேசேங்க்கா" என்றான். "மொதல்ல கஞ்சியக் குடி" என்றேன். அவனோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

காரியம் எல்லாம் முடிந்து ஆபீஸிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். மாதுங்காத் தமிழர், அவனுடைய மேலதிகாரி. அம்மா கொடுத்த பாயில் உட்கார்ந்து சொன்னார்.

"கார்டுக் கட்டுல சாய்கோடு போடறதுக்கு உங்க பையன்தாம்மா எங்களுக்கு வழி காட்டினான். அவன் பேரையே போட்டு, சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோம்."

அவன் போனதிலிருந்து முதல் தடவையாக அம்மாவின் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அது நாஞ் சொல்லிக் குடுத்தது சார்."

"ஏட்டி, செத்த பிள்ளகிட்டயும் பங்கு கேக்கியா?" என்றாள் அம்மா.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன வேலை பண்றேம்மா?"

"பைண்டிங்ல ஃபாரம் அடுக்குதேன்."

"அப்போ நீதான் சொல்லியிருப்பே" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. தம்பி பயந்த சிரிப்பு அந்த மனிதரிடம் இல்லவே இல்லை. அவன் என் பேரைச் சொல்லியிருக்கலாம். நாங்கள் பேசிக்கொண்டே இருந்திருக்கலாம்.

"சுவத்துல இருக்கறதை மாத்தி எழுதட்டுமாம்மா?" என்று கேட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரையும் போடுங்க. நாந்தான் மூத்தவ, எம் பேரு மேல" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எழுதினாரா என்று தெரியாது. அந்த ஆபீஸ் வாசலுக்குள் என்னை விடமாட்டார்கள். அம்மா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இறந்தவன் மேல் இன்னும் எனக்குப் பொறாமைதான். அவனுக்கு இனி எதுவும் வேண்டாம், ஆனாலும் எல்லாரும் அவனைத்தான் நினைக்கிறார்கள், நான் உட்பட.

சாமி முன்னால் நின்றால் எனக்கு அவனோடு சண்டை போடத்தான் வாய் வருகிறது. வேண்டுதல் பாதியில் நின்றுபோகிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள், தர்காவுக்குப் போகிறவர்கள், வீட்டிலேயே விளக்கேற்றுகிறவர்கள் எல்லாரும் என் தம்பிக்காக ஒரு நிமிஷம் நின்று வேண்டிக்கொள்ளுங்கள்.