சாபாவில் படுத்த மூன்று நாள்

பலகையில் ஊர்ப்பெயரைப் படித்த பிறகும், "இது ராசிபுரம் போகுங்களா?" என்று இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டுத்தான் தனப்பிரியா பஸ் ஏறுவாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எம்.காம். முடிக்கும்வரை வெண்ணந்தூர் பஸ் நிறுத்தமே அதைப் பார்த்திருக்கிறது. அவளுடைய தாய்மாமன் மகன் மோகன்குமாரும் பார்த்திருந்தான்.

முறை இருந்ததால் அவர்கள் இருவருக்கும்தான் கல்யாணம் என்று வீட்டில் பேசிவந்தார்கள். ஒரு விசேஷத்தில், சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவன் வாயைத் திறந்தான்.

"இவளையாங்க? ராசிபுரம் பஸ்ஸுக்கே வழி கேக்கறவ. வெளிநாடு கூட்டிட்டுப் போனா ஏர்போர்ட்லயே தொலஞ்சு போயிருவா. தேடறதுக்குத் தனியா ஆள் வெக்கோணும்."

பந்தியே சிரித்தது. தறி ஓட்டி அவளைப் படிக்கவைத்த அப்பாவும் சிரித்தார்.

பிறகு அவன் வேறு பெண்ணைக் கட்டி, அவளோடு வியட்நாம் போனான். டூர் கம்பெனி கைடு கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, இவர்கள் பின்னால் நடக்கும் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிறைந்தன. தனப்பிரியா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அதே நாட்டுக்கு, தனியாக, கொடி இல்லாமல் போவதென்று அன்றே முடிவுசெய்தாள். சேலத்து ஆடிட்டர் ஆபீஸ் சம்பளத்தில் இரண்டு வருடம் மிச்சம் பிடித்தாள்.

"அங்க சோறு கெடைக்குமோ என்னமோ, எடுத்துட்டுப் போ சாமி" என்று அம்மா சௌந்திரம் ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு நான்கு பாக்கெட்டும் பருப்புப்பொடியும் திணித்தாள். மலிவு டிக்கெட்டுக்கு ஏழு கிலோதான் அனுமதி. விமான நிலையத்தில் மூன்று சுடிதாரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க நின்றாள்.

ஹனோய் விடுதியில் ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டிலில் எட்டுப் பேர். பிறர் பார்த்திருக்கத் தனியாகத் தின்ன அவளுக்கு வரவில்லை. எல்லோருக்கும் நீட்டினாள், நான்கு நாளைக்கு வைத்திருந்த முறுக்கு ஒரு சாயங்காலத்தில் தீர்ந்தது. மறுநாள் பசித்தபோதுதான் சமையலறை அலமாரியைக் கவனித்தாள். கிளம்பிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் அரிசி, எண்ணெய், நூடுல்ஸ். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஊரான் விட்டுப்போனதைத் தொடுவதா என்று அரைநாள் யோசித்தாள். பிறகு சோறாக்கிப் பருப்புப்பொடி போட்டுப் பிசைந்தாள்.

அந்த விடுதியைப் பற்றி இணையத்தில் நாலு வரி எழுதினாள். குளியலறை பொது, ஆனால் சுத்தம் என்று. மோகன்குமார் அதைத் தேடிப் பிடித்துக் குழுவில் போட்டான்: "நம்ம புள்ள அங்கயும் பக்கெட்டோட கியூவுல நிக்குது."

இனி எந்த விடுதியைப் பற்றியும் ஒரு வரி எழுதுவதில்லை, குழுவில் படம் போடுவது மட்டும்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வடக்கே சாபா என்ற மலையூரில், அவன் வேனில் போய் இறங்கிப் படம் எடுத்த கணவாய்க்கு மழையில் நடந்தே ஏறினாள். "வேன் இல்லாமலும் வரலாம்" என்று எழுதிப் படத்தைப் போட்டாள். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குத் தேனாக இருந்தது.

மறுநாள் காய்ச்சல் அடித்துப் போட்டது. மூன்று நாள் எழ முடியவில்லை. அங்கே தங்கிய விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் லான் என்ற பெண்தான் அவளைக் கீழ்க்கட்டிலுக்கு மாற்றி, ஈரத்துணி போட்டு, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். கிளம்பும்போது தனப்பிரியா பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. செல்போனில் பேசி மொழிபெயர்த்துக் காட்டினாள்: "இந்த விடுதியைப் பற்றி இணையத்தில் என் பெயரைப் போட்டு எழுது. பெயர் அதிகம் வருகிறவளுக்கு ஊருக்குப் போக லீவு தருவார்கள்."

"கட்டாயம்" என்று தனப்பிரியா தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஊர் திரும்பி, ஒரு புதுமனை புகுவிழாவில் மோகன்குமார் கேட்டேவிட்டான்.

"நெசத்தச் சொல்லு புள்ள. ஒடம்பு கிடம்பு முடியாமப் போயிருந்தா யாரு பாத்திருப்பா?"

"ஒரு தும்மல்கூட வரலீங்க மச்சான். உங்களாட்ட கொடி புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆளும் தேவப்படல."

எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் மனைவியும் சிரித்தாள். தனப்பிரியா பாயசம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தாள்.

அன்றிலிருந்து நான்கு மாதமாக சாபா விடுதியின் இணையப் பக்கத்தைத் திறக்கிறாள். வேறு பெயரில் எழுத முடியாது. தங்கியவர் பெயரில் வந்தால்தான் லானின் கணக்கில் சேரும். எழுதினால் அவன் கண்ணில் படும், காய்ச்சலும் கஞ்சியும் மறுநாளே குழுவுக்கு வந்துவிடும். ஜெயித்த பிறகும் அவனுக்கு ஏன் பயப்படுகிறோம் என்று கேட்டுக்கொள்கிறாள். "லான்" என்று தட்டுகிறாள். அழிக்கிறாள்.

லானின் பெயர் அங்கே இன்னும் ஏறவில்லை.