வீட்டில் கேட்கக் கூடாத ஒன்பது கேள்விகள்

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், மலை, பரோட்டாக் கடை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். சென்ற புரட்டாசியில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போனது இவை எதற்காகவும் இல்லை. பிழைப்புக்கு நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு மருந்து ஆராய்ச்சிக்காக ஒன்பது கேள்விகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். அந்தத் தமிழாக்கம் நோயாளிகளுக்குப் புரிகிறதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதித் தருவதும் ஒப்பந்தத்தில் சேர்த்தி. மதுரை மருத்துவர் ஒருவர் ஈஸ்வரியின் பெயரைக் கொடுத்தார். முப்பது வயது, திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரைச் சொல்லப் போவதில்லை. எழுதலாம் என்று அவளே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

ஈஸ்வரிக்கு இருப்பது அரிதான ஓர் இரத்த நோய். சிவப்பணுக்கள் ஆயுள் முடியும் முன்பே உடைந்து போகும். ஒட்டாது, பரம்பரையாகவும் வராது. ஆனால் ஆளை அசதியில் போட்டு அடித்துவிடும். இப்படிப்பட்ட நோய்களுக்கான மருந்துகளைப் பெரும்பாலும் பணக்கார நாட்டு நோயாளிகளிடம்தான் சோதிக்கிறார்கள், இந்த முறை நம் ஊருக்கும் சில இடங்களை மன்றாடி வாங்கியிருக்கிறேன் என்றார் மருத்துவர். யாரைச் சேர்ப்பது என்பதை அந்த ஒன்பது கேள்விகள்தான் முடிவு செய்யும். அசதி போதாது என்று பதில் வந்தால் ஆராய்ச்சியில் இடம் கிடையாது, மருந்தும் கிடையாது. என் சோதனை முடிந்து ஒரு மாதத்தில் செவிலியர் ஒருவர் போய் அதே கேள்விகளை முறைப்படி கேட்பார்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில். மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் பகலில் எப்போதும் நிற்கும், காத்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்திரண்டு ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். பஸ் நிலையத்துக்கு அருகில் ஏசி இல்லாத அறை தொள்ளாயிரம் ரூபாய். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடியது. முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருந்தது, அதன் பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குத் திருச்சுழி டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதினான்கு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும், ஏனென்றால் கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்திருந்தது. உழாத இடமெல்லாம் சீமைக் கருவேலம். கண்மாய்க்குள் மாடு மேய்ந்தது. திருச்சுழியில் இறங்கியதும் ஆட்டோக்காரர், "கோயிலுக்கா?" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அங்க என்னத்தம்மா இருக்கு பாக்க?" என்று கேட்டுவிட்டு, ஆறு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது வாங்கினார். பேரம் பேசியிருந்தால் நூற்றிருபதுக்கு வந்திருப்பார் என்பது பின்னால் தெரிந்தது.

நான் போனபோது ஈஸ்வரி தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், குடங்களை நிறுத்தி வைக்க வளையம் போட்டு, ஆடாமல் கயிறு கட்டிய தள்ளுவண்டி. ஆறு குடம். ஊர்க்கோடிக் குழாயிலிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியில் நின்று குனிந்து குடத்துக் கயிற்றை இறுக்கினாள். கொஞ்ச தூரம் வந்து மறுபடியும் இறுக்கினாள். கயிறு புதுசாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவளுடைய மாமியார் ராக்கம்மாள் இருந்தார். ஈஸ்வரியின் கணவர் தூத்துக்குடிக்கு லோடு ஏற்றும் லாரி ஓட்டுநர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீடு. ராக்கம்மாள் என்னை உட்காரவைத்து, காற்றாடியை என் பக்கம் திருப்பி, காபி கொடுத்து, "சாப்பிட்டுத்தான் போகணும் தாயி" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. எனக்குக் கொடுத்த வழிகாட்டுதலில் இப்படித்தான் இருந்தது: பங்கேற்பவர் மனம்விட்டுப் பேச, பழக்கமான சூழலில், முடிந்தவரை அவர் வீட்டிலேயே வைத்துக் கேட்கவும்.

முதல் கேள்வியைப் படித்தேன். ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

"மாடியே இல்லையேக்கா" என்றாள் ஈஸ்வரி. நியாயம்தான். மாடி என்ற இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டேன்.

செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டியிருக்கிறதா?

"இல்லக்கா."

காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா?

ஈஸ்வரி வாயைத் திறக்கும் முன் ராக்கம்மாள் சொன்னார். "அவளுக்கென்ன, நல்லாத்தான இருக்கா. கொஞ்சம் ரத்தம் கம்மி, அதுக்குத்தான் மதுரைக்குப் போய்ட்டு வாரா. எங்க ஊருல யாருக்குத்தான் தாயி ரத்தம் கூட?"

நானும் சிரித்தேன், ஈஸ்வரியும் சிரித்தாள். ஒன்பது கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. கேள்வி புரிந்ததா என்று சோதிப்பதுதான் என் வேலை. புரிந்தது. அந்தப் பதில்களின்படி ஈஸ்வரியைவிட நான்தான் பெரிய நோயாளி. கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மாத்திரை வாங்க அருப்புக்கோட்டைக்கு வாரேன் என்று ஈஸ்வரியும் கூடக் கிளம்பினாள்.

திருச்சுழியில் ஒன்றரை மணி பஸ். பாதிக்கு மேல் காலி. ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத நான், அவள் முகம் வெளிறியிருப்பதைப் பார்த்து விட்டுக்கொடுத்தேன். பஸ் ஊரைத் தாண்டியதும் முன்பின் சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றுமில்லை.

"அக்கா, அந்த ரெண்டாவது கேள்விய இப்பக் கேளுங்க" என்றாள்.

கேட்டேன்.

"தண்ணி வண்டி தள்ளயில மூணு எடத்துல நிக்கிறேன். கயித்த இறுக்குற மாதிரி குனிஞ்சுக்கிருவேன். பாக்குறவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

அடுத்ததைக் கேட்டேன்.

"எந்திரிக்கயிலயா? படுக்கயில எப்படியோ அப்படித்தான் எந்திரிக்கிறேன். தூங்குனதே ஒடம்புல சேர மாட்டேங்குது."

பஸ் சத்தத்துக்கு மேல் கொஞ்சம் உரக்கவே பேசினாள். மாடிக்குப் பதிலாகக் கண்மாய்க் கரை ஏறுவது என்று மாற்றிக் கேட்டேன். கரையேறிப் பல மாதமாயிற்று என்றாள். எல்லாப் பதிலும் தலைகீழாயிற்று. வீட்டில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எந்தங்கச்சிய எங்கொழுந்தனாருக்குக் குடுக்கப் பேசிக்கிட்டு இருக்கோம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா எங்கம்மாவுக்கு நிம்மதி. எனக்குப் பெரிய சீக்குன்னு தெரிஞ்சா, அதே ரத்தந்தான அவளுக்கும்னு அத்தை நெனைப்பாகல்ல?"

"இது பரம்பரையா வராதே."

"எனக்குத் தெரியும்க்கா. டாக்டரு சொன்னாரு. அத்தைக்கு யாரு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. ராக்கம்மாள் மேல் இல்லை, அவர் காற்றாடியை எனக்குத் திருப்பி வைத்தவர். மனம்விட்டுப் பேச வீடுதான் தோது என்று எங்கோ உட்கார்ந்து எழுதியவர்கள் மேல். அவர்கள் ஊரில் அது சரியாகவே இருக்கலாம். இங்கே ஒரு மருமகள் மனம்விட்டுப் பேச, தெரிந்தவர் யாரும் ஏறாத டவுன் பஸ்தான் கிடைத்தது. நம் நாட்டுக்குச் சில இடம் கொடுத்துவிட்டு, கேட்கிற இடத்தைத் தப்பாக வைத்தால், அங்கே தகுதியான நோயாளிகள் கிடைக்கவில்லை என்று யாராவது நல்லெண்ணத்தோடே எழுதிவிடுவார்கள்.

அருப்புக்கோட்டையில் மாத்திரை வாங்கினாள். பஸ் நிலையத்துக்கு வெளியே ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் குடித்தோம். நாலு மணி பஸ்ஸில் அவள் திரும்பிப் போனாள், நான் மதுரைக்கு ஏறினேன்.

அறிக்கையில் இரண்டு விஷயம் எழுதினேன். மாடியை மேடு என்று மாற்ற வேண்டும். கேள்விகளை வீட்டில் வைத்துக் கேட்கக் கூடாது. பத்து நாளில் பதில் வந்தது, மிகவும் மரியாதையாக. மேடு ஏற்கப்பட்டது. எல்லா நாட்டிலும் வீட்டில்தான் கேட்கிறார்கள், ஒரு நாட்டுக்கு மட்டும் மாற்றினால் ஒப்பிட முடியாது, எனவே இடம் அப்படியே இருக்கும். மதுரை மருத்துவரும் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. ஈஸ்வரிக்குப் போன் செய்து சொன்னேன். "சரிக்கா, பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசிக்குப் பிறகு போனால் கரிசலில் பச்சையைப் பார்க்கலாம், ஆனால் மழை பெய்தால் செருப்பு உங்களோடு வராது. திருச்சுழியிலிருந்து காரியாபட்டி வழியாகவும் மதுரைக்கு பஸ் உண்டு, அருப்புக்கோட்டை சுற்ற வேண்டியதில்லை. அந்த பஸ்களின் நேரத்தை முந்தின நாளே கடைகளில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் திருச்சுழியிலேயே வாங்கிவிடுங்கள், கிராமத்தில் குடிக்கக் கேட்டால் கொடுப்பார்கள், அது யாரோ தள்ளிக்கொண்டு வந்தது. என்னைப் போலக் கேள்விகளோடு போகிறவர்கள், வீட்டில் சாப்பிடுங்கள், பேசுங்கள், கேள்வியை மட்டும் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி கடைசியில் ஈஸ்வரி கூப்பிட்டாள். செவிலியர் வந்தாராம், எதிரில் அத்தை உட்கார்ந்திருந்தாராம், இவள் ஒன்பது கேள்விக்கும் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். ராக்கம்மாள் செவிலியரை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். பிறகு, "ஒந்தங்கச்சிக்கும் இருக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இல்லை, டாக்டர் சொன்னார் என்றதற்கு, "எங்கிட்டச் சொல்லச் சொல்லு" என்று சொல்லி, மறுநாள் காலை ஈஸ்வரியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார். மருத்துவர் அரை மணி நேரம் பேசினாராம்.

"ஆராய்ச்சியில சேத்துக்கிட்டாகக்கா" என்றாள்.

"கல்யாணம்?"

"அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. திரும்பி வாரயில காரியாபட்டி வரைக்கும் ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாக. அப்புறம், 'கயிறு அவுறுதுன்னு புதுக் கயிறு ரெண்டு தடவ வாங்கிக் கொடுத்தேனேத்தா, அப்பயாச்சும் சொல்லக் கூடாதா'ன்னாக. இன்னைக்குக் காலையில நான் எந்திரிக்கயில வாசல்ல தண்ணி வண்டி இல்லக்கா. அவுக தள்ளிக்கிட்டுப் போய்ட்டாக."