பிறகு எழுதிய முதற்பிரதி

நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த ஸ்டோவ்னர் என்ற புறநகரில், எங்கள் கீழ்வீட்டில் ஒரு கவிஞர் இருந்தார். அவருக்கு முன்னால் வயிறு நடக்கும், வயிற்றுக்கு முன்னால் புகழ் நடக்கும். வேல்ஸ் நாட்டுக் கவிஞர் ஒருவருடைய கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் அங்கே நூலகத்தில் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கிறார்கள் என்று எங்கோ வாசித்ததிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. இவரோ கவிதை முழுவதையும் கைபேசியில் தட்டுகிறவர். பெட்டியில் வைக்க ஒரு தாள்கூட இல்லை.

ஒருநாள் நான் போனபோது, அச்சான தன் புத்தகத்தை விரித்து வைத்து, அதே கவிதைகளைத் தாளில் எழுதி, நடுநடுவே வரிகளை அடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை செய்யிறியள்?”

“முதற்பிரதி எழுதுறன். நாளைக்கு என்னை ஆராய வாறவனுக்கு ஏதும் இருக்கவேணுமெல்லே?” தேநீர்க் கோப்பையைத் தூக்கி, கறை படியும்படி தாளின்மேல் வைத்தார். “நீரும் எனக்கு ரெண்டு கடிதம் எழுதித் தாருமன். கொஞ்சம் ஏசியும் எழுதலாம்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். அடிப்பதற்கென்றே அவர் புதிதாக எழுதிய ஒரு வரி, புத்தகம் முழுவதையும்விட நன்றாக இருந்தது. அதை இரண்டு தரம் அடித்திருந்தார்.

அவருடைய கவிதையில் எனக்கு இன்றும் மனப்பாடமாயிருப்பது அந்த ஒரு வரிதான்.